வந்து பார்த்துவிட்டுப் போனால் போதுமா?

மாணவர்களைக் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது இப்போது பெருகிவிட்டது. சனிக்கிழமை காலை பஸ் ஏறி ஞாயிறு சாயங்காலம் திரும்புகிற பயணம். பேனரில் 'இயற்கைப் பண்ணை பார்வையிடல்', 'கிராமிய அனுபவம்' என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். நம் இதழ் வாசகர்களில் பலர் இப்படி ஒரு பஸ்ஸையாவது தங்கள் தோட்டத்து வாசலில் பார்த்திருப்பீர்கள். இந்தப் பேச்சு இப்போது கடல் தாண்டியும் போகிறது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு, எங்கள் பக்கத்து உழவர் கூட்டங்களிலும் "பிள்ளைகளை ஒரு வார இறுதிக்கு யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்குக் கூட்டிப் போனால் என்ன?" என்று கேட்கிறார்கள். நாலு மணி நேரக் கடல் பயணம்தானே, வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை வந்துவிடலாம் என்கிறார்கள்.

நான் இதற்கு எதிரி இல்லை. என் தோட்டத்துக்கும் மாணவர்கள் வருகிறார்கள்; இனியும் வரட்டும். ஆனால் எதற்காக வருகிறார்கள், யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள், வந்துபோன செலவு யார் தலையில் விழுகிறது என்று கேட்காமல் நாம் பாட்டுக்குப் படலைத் திறந்துவிட்டால், கொஞ்ச காலத்தில் இயற்கை உழவன் என்பவன் கூண்டுக்குள் இருந்து காட்சி கொடுக்கிற பிராணி மாதிரி ஆகிவிடுவான். அதற்கான அறிகுறி இப்போதே தெரிகிறது.

நான் முப்பத்து மூன்று வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகளில். பயிர்க் கடன், கிணறு வெட்டக் கடன் என்றால் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை, கொடுத்த பின் ஒரு தடவை நிலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஜீப்பில் போய் வரப்பில் நின்றபடியே 'பயிர் நன்றாக உள்ளது' என்று எழுதிவிட்டு வருகிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்து, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினால் தண்ணி வற்றுகிறது, போன வெள்ளாமையில் யார் வீட்டு நகை அடகுக்குப் போனது என்பதுவரை தெரிந்துகொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் நிரப்புகிற படிவம் ஒன்றுதான். கோப்பில் வித்தியாசம் தெரியாது. கடன் திரும்பி வரும்போதுதான் தெரியும்.

மாணவர் பயணமும் அப்படித்தான். இதில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது, தூத்துக்குடித் தோணி சரக்கு ஏற்றிக்கொண்டு போகிற தூரத்தில். 1958 டிசம்பரில், கொழும்பு நாலந்தா கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, அது பள்ளிக்கூடம்) ஆசிரியராக இருந்த ஏ.டி. ஆரியரத்ன, 40 மாணவர்களையும் 12 ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு கனதொலுவ என்ற ஒதுக்குப்புறமான ஊருக்குப் போனார். அப்போது அவருக்கு 27 வயது. அந்த ஊர் ரொடியர்களின் ஊர். சிங்களச் சாதி அடுக்கில் எல்லாருக்கும் கீழே தள்ளப்பட்டு, தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டு, பிச்சை எடுத்துப் பிழைக்கும்படி தலைமுறை தலைமுறையாக வைக்கப்பட்ட மக்கள். கொழும்பின் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த ஊரிலேயே தங்கினார்கள். அந்த மக்களோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். கிணறு வெட்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள்.

சேர்ந்து சாப்பிட்டார்கள் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. கிணறு வெட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் அந்த ஊர் தவிக்கவில்லை. கை கால் உள்ள மக்கள்தான் அங்கேயும் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காமல் இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கொடுக்கிற தண்ணியை வாங்கிக் குடிக்கிற ஆள். அந்த 40 பையன்களும் வீட்டுக்குத் திரும்பியபோது அவர்களுடைய தாய் தகப்பன்மார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1958இல் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து மேல்சாதிப் பிள்ளைகளை ஒரு வாத்தியார் சேரிக்குக் கூட்டிப்போய்த் தங்கவைத்திருந்தால் வேலையில் நீடித்திருப்பாரா? ஆபத்து உள்ள பயணம் அது. போனவர்களும் எதையோ பணயம் வைத்துப் போனார்கள்.

இதன் பிறகு கொழும்பிலும் வெளியூர்களிலும் பல பள்ளிகள் வார இறுதி முகாம்களை நடத்தத் தொடங்கின. 'சிரமதானம்', அதாவது உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்ற சொல் இலங்கை முழுவதும் பரவியது. ஆரியரத்ன இந்தியாவுக்கு வந்து வினோபா பாவேயின் பூதான, கிராமதான வேலைகளைப் பார்த்தார். காந்தியின் 'சர்வோதயம்' என்ற சொல்லைத் தன் இயக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். 1969இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1996இல் நம் அரசின் காந்தி அமைதிப் பரிசும் கொடுக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் 92 வயதில் காலமானார். அதற்குள் அவருடைய சர்வோதய இயக்கம் 15,000 கிராமங்களுக்கு மேல் போய்ச் சேர்ந்திருந்தது.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்லமாட்டேன். பின்னாளில் அந்த இயக்கம் வெளிநாட்டு நிதியைப் பெரிய அளவில் நம்பியது. கொடுத்தவர்கள் கையை இறுக்கியபோது திண்டாடியது. சோறு வெளியிலிருந்து வந்தால் கரண்டியும் வெளியாள் கையில்தான் இருக்கும். நம் இயக்கத்தில் 'புராஜெக்ட்' எழுதலாமா என்று கேட்கிற நண்பர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆனால் அந்த முகாம்கள் நடந்த முறையில் நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. சாலை போடுவதா, வாய்க்கால் வெட்டுவதா என்பதை ஊர் மக்கள்தான் சொல்ல வேண்டும். முகாமில் காலையிலும் மாலையிலும் எல்லாரும் உட்கார்ந்து 'குடும்பக் கூட்டம்' நடத்துவார்கள். அதில் ஒருவரையொருவர் அம்மா, அப்பா, அண்ணன், தங்கை என்றுதான் கூப்பிட வேண்டும். சார், மேடம் கிடையாது. சாப்பாடு ஒரே அடுப்பு, ஒரே பந்தி. நாம் சாலையைப் போடுகிறோம், சாலை நம்மை உருவாக்குகிறது என்பதுதான் அவர்கள் சொல்லிவந்தது. வந்தவன் ஊருக்கு நல்லது செய்தான், ஊர் கைகட்டி வாங்கிக்கொண்டது என்ற கணக்கு அதில் இல்லை.

நம் இயற்கை வேளாண்மை உலகத்திலும் இப்படி ஒரு வார இறுதியில் தொடங்கிய கதை ஒன்று உண்டு. 1971இல் லண்டனில் அலுவலகச் செயலாளராக வேலை பார்த்த சூ கோப்பர்ட் என்ற பெண், நகரத்து அறையில் அடைபட்டுக் கிடக்கிறோமே, வார இறுதியில் வயலில் வேலை செய்யக் கிடைக்குமா என்று விசாரித்தார். சசெக்ஸ் பகுதியில் எமர்சன் கல்லூரியின் உயிராற்றல் வேளாண்மைப் பண்ணை சரி என்றது. முதல் தடவை போனது நாலே பேர். அதற்கு அவர் வைத்த பெயர் 'வொர்க்கிங் வீக்எண்ட்ஸ் ஆன் ஆர்கானிக் ஃபார்ம்ஸ்'. சுருக்கமாக வூஃப். இன்று அதே சுருக்கப் பெயரில் உலகம் முழுக்க நடக்கிறது. நம் நாட்டிலும் பல பண்ணைகளுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் அப்படி வருகிறார்கள். ஒரு நாளில் பாதிப் பொழுது வேலை, அதற்குப் பதிலாகச் சோறும் படுக்கையும், காசு கைமாறாது என்பதுதான் அதன் சுருக்கமான ஒப்பந்தம். பெயரிலேயே முதல் வார்த்தை 'வேலை' என்று இருந்ததைக் கவனியுங்கள். பார்வையிடல் இல்லை.

நாலு பேர் என்பதையும் கவனியுங்கள். நமக்கு 40 பேருக்குக் குறைந்து பஸ் கிளம்புவதே இல்லை.

இந்த 40 பேர் கணக்கை வங்கிக்காரன் புத்தியோடு போட்டுப் பார்த்தேன். என் நிலம் சாத்தான்குளம் பக்கம், தேரி ஓரத்தில் நாலரை ஏக்கர். முருங்கை, கொஞ்சம் நிலக்கடலை, வேலியோரம் பனை. போன வருஷம் வந்த ஒரு குழு சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு மதியம் வரை இருந்தது. நாலு வேளைச் சாப்பாடு, ஆளுக்கு வேளைக்கு 60 ரூபாய் வைத்தால் 9,600. டீ, சுண்டல் என்று இரண்டு நாளுக்கும் சேர்த்து 1,600. குளிக்க, கொள்ள தண்ணி லாரி ஒரு நடை 1,400. தோட்டத்து ஆள் இரண்டு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு இவர்களோடு சுற்றினார்கள். இரண்டு நாள் கூலி 2,400. ஆக 15,000. பிள்ளைகள் செய்தது முருங்கைப் பாத்தியில் மூன்று மணி நேரம் களை எடுப்பு. ஆறு மணி நேரம் ஓர் ஆள் வேலை என்றால் 20 ஆள் கணக்கு. களையெடுப்புக் கூலி 400 வீதம் 8,000. ஆனால் எது களை, எது பயிர் என்று தெரியாமல் நடுவில் போட்டிருந்த தட்டைப்பயறில் பாதியைப் பிடுங்கிவிட்டார்கள். அதனால் பாதிதான் வரவு வைக்க முடியும். 4,000. கல்லூரி தரப்பில் 3,000 ரூபாயும் ஒரு பொன்னாடையும் கொடுத்தார்கள். மீதி 8,000 என் கணக்கில் பற்று. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான்.

பென்ஷன் வருகிற எனக்கு இது தாங்கும். என் பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தாங்குமா? 'மாதிரிப் பண்ணை' என்று பலகை மாட்டிக்கொண்ட சிறு விவசாயி, வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே கடன்பட்டதை நம் கூட்டங்களில் சிலர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வெட்கத்தில் சொல்லாதவர்கள் இன்னும் அதிகம்.

இந்தக் கணக்கில் என் மனைவியின் கூலி சேரவில்லை. அந்த ஞாயிறு ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "சமைக்கது நான், சான்றிதழ் உங்களுக்கா?" நியாயமான கேள்வி. மேடையில் பேசுகிறது நாம், சோறு பொங்குவது வீட்டுப் பெண்கள். பஞ்சகவ்யம் கலக்குவதைக் காட்டும்போது படம் எடுக்கிற பிள்ளைகள், 40 பேருக்கு விறகடுப்பில் சோறு வடிப்பதைப் படம்கூட எடுப்பதில்லை. இப்போது எங்கள் வீட்டில் ஏற்பாடு மாறிவிட்டது. வருகிறவர்களே காய் நறுக்க வேண்டும், அரைக்க வேண்டும், கழுவி வைக்க வேண்டும். என் மனைவி சொல்லிக்கொடுப்பாள். கரண்டி பிடிக்க மாட்டாள். கம்பங்கூழ் கரைக்கத் தெரிந்துகொண்டு போவதும் வேளாண்மைக் கல்விதான்.

அடுத்தது நேரம். எங்கள் பக்கத்தின் பெரிய சொத்து பனை. பங்குனி, சித்திரையில் பதநீர் மும்முரம். பனையேறி விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, நேற்றுக் கட்டியதை இறக்கிக்கொண்டு வருவார். சாயங்காலம் மறுபடியும் ஏற வேண்டும். இறக்கிய பதநீரை அவர் வீட்டம்மா விடிலியில் பெரிய தாச்சியில் ஊற்றிக் காய்ச்சத் தொடங்கிவிடுவார், தாமதித்தால் புளித்துவிடும். பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. பஸ் பத்தரை மணிக்கு வருகிறது. அதற்குள் பாதிக் காரியம் முடிந்துபோகும். "அண்ணாச்சி, மாணவர்களுக்காக இன்னொரு தடவை ஏறிக் காட்டுங்களேன்" என்று கூட வந்த ஆசிரியர் ஒருவர் ஒரு தடவை கேட்டார். அறுபத்து நாலு வயது மனுஷர், காலையில் முப்பது பனை ஏறி இறங்கியவர். "ஏறுதேன், சார். நீங்க கீழ நின்னு என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். ஏறவும் செய்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் பனை ஏறுவதில்லை. ஒருவர் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை, இன்னொருவர் திருப்பூர். அந்த மனுஷர் ஏறுவதை நிறுத்துகிற நாளில் எங்கள் வேலியோரப் பனைகளில் பாளை சீவ ஆள் இருக்காது. இதைத்தான் அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டும். அவர்கள் கொண்டு போனதோ ஆளுக்கு ஒரு செல்ஃபி.

முத்துக் குளித்த கரை இது. அந்தக் காலத்தில் நினைத்த நேரத்துக்கு யாரும் முத்துக் குளிக்க இறங்கிவிட முடியாது. கடலடியில் உள்ள முத்துப்பார்களில் முதலில் கொஞ்சம் சிப்பியை எடுத்துப் பார்ப்பார்கள். சிப்பிக்கு வயது ஆகிவிட்டதா, முத்து தேறுமா என்று மதிப்புப் போட்டு, சரிப்பட்டால்தான் குளிப்பு அறிவிப்பார்கள். சரிப்படாவிட்டால் வருஷக்கணக்கில் பாரைத் தொடாமல் விட்டுவைப்பார்கள். அறிவித்துவிட்டால் எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து கரையில் தற்காலிக ஊரே உண்டாகும். முடிந்ததும் எல்லாரும் போய்விடுவார்கள், சிப்பி ஓடும் நாற்றமும்தான் மிச்சம். தூத்துக்குடிப் பார்களில் கடைசிப் பெரிய குளிப்பு நடந்தது 1961இல். அதன் பிறகு பார் பழையபடி தேறி வரவே இல்லை. கிராமத்துக்கு வருகிறவர்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இந்த இரண்டு பகுதியுமே நினைவுக்கு வரும்: வருவதற்கு முன் பார்த்த அந்தச் சோதனையும், போன பிறகு கிடந்த அந்த ஓடும்.

வார இறுதியில் ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவன் இல்லை நான். 2023 டிசம்பர் 17, 18இல் எங்கள் மாவட்டம் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. தாமிரபரணி உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. அடுத்து வந்த சனி, ஞாயிறுகளில் ஏரல் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் கல்லூரிப் பையன்கள் முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியோடு மணலை வாரிப் போட்டதை நானே பார்த்தேன். யாரும் அவர்களுக்கு உரையாற்றவில்லை, பேனர் இல்லை. வேலை கண் முன்னால் கிடந்தது, செய்தார்கள். அந்தத் தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதில் நாலு பேர் வந்திருந்தார்கள்.

நீண்ட காலம் தங்குகிற ஏற்பாடுகளும் நம்மிடம் இல்லாமல் இல்லை. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் கிராம முகாம் உண்டு. வேளாண் பட்டப்படிப்பில் ஊரகப் பணி அனுபவம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. எங்கள் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி மாதிரி இடங்களிலிருந்து மாணவர்கள் ஊர்களுக்கு வந்து தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சிலரோடு பேசியிருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் அவர்கள் நமக்குச் செயல்விளக்கம் காட்ட வேண்டும் என்றுதான் பட்டியல் இருக்கிறது. நம்மிடம் கற்றதை எழுதச் சொல்லி அதே அளவுக்கு ஒரு பட்டியல் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஐயா நம்மாழ்வார் கதையும் இதுதானே? 1960களில் இங்கே கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். கம்பி வேலிக்கு உள்ளே நடக்கிற ஆராய்ச்சிக்கும், வெளியே மானாவாரிக் கரிசலில் வானம் பார்த்து விதைக்கிறவனுடைய பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று கண்டு 1969இல் வேலையை விட்டார். நோபல் அமைதிப் பரிசு பெற்ற பெல்ஜியத் துறவி டொமினிக் பீர் தொடங்கிய 'சமாதானத் தீவு' அமைப்பில் சேர்ந்து களக்காட்டுக்குப் போனார். அங்கே வருஷக்கணக்கில் விவசாயிகளோடு இருந்துதான், இடுபொருளைக் கடையில் வாங்குகிறவரை உழவனுக்கு மிஞ்சாது என்ற முடிவுக்கு வந்தார். அவர் ஆராய்ச்சிக்கூடத்தில் படிக்காததை வேலிக்கு வெளியே இருந்தவர்கள் கற்றுக்கொடுத்தார்கள்.

இனி யாழ்ப்பாணம். போகலாம் என்றுதான் நான் சொல்வேன், அதுவும் நமக்குக் காரணம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாத குடாநாடு அது. சுண்ணாம்புக்கல் பாறைக்குள் தேங்குகிற மழைநீரைக் கிணற்றில் எடுத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கிறார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் கடல் தண்ணி உள்ளே வரும். உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் உவர் ஏறிப்போன கிணறுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு இது அப்படியே பொருந்தும். பல வருஷம் ரசாயன உரத்தைக் கொட்டியதால் அங்கே கிணற்று நீரில் நைட்ரேட் கூடியிருப்பதையும் ஆய்வுகள் சொல்கின்றன. பனைக்கு என்றே 1978இல் அமைத்த பனை அபிவிருத்திச் சபை அவர்களுக்கு இருக்கிறது. போர் தின்ற பனைகளுக்குப் பதிலாகக் கன்று வைத்து வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பனையேறிகள் அவர்களோடு உட்கார்ந்து பேசினால் நாலு நாள் பேச்சு ஓயாது.

2021ஐப் பற்றியும் அங்கே போய்க் கேட்க வேண்டும். அந்த வருஷம் மே மாதம் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டது. முழு நாடும் இயற்கை வேளாண்மை என்று அறிவித்தது. நம்மில் சிலர் கைதட்டினோம். மாற்று உரம் இல்லை, பயிற்சி இல்லை, மண் தேறுவதற்கு அவகாசம் இல்லை; விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், நவம்பருக்குள் அரசு பின்வாங்கியது. இன்றுவரை ரசாயன உரக் கடைக்காரர் நம் வாயை அடைக்க எடுத்து வீசுகிற முதல் கல் இலங்கைதான். மேலிருந்து உத்தரவாக இறங்கிய இயற்கை விவசாயம் ஆறு மாதம் நின்றது. அதே தீவில் ஒரு வாத்தியார் 40 பையன்களோடு தொடங்கியது அறுபது வருஷம் தாண்டி நிற்கிறது. தடையால் நொடித்த விவசாயி ஒருவர் வாயால் அந்தக் கதையை நம் பிள்ளைகள் கேட்டுவிட்டு வந்தால், அடுத்த தடவை யாராவது அந்தக் கல்லை எறியும்போது அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியும். நமக்கும் சில விஷயங்களில் வாயை மூடிக்கொள்ளத் தெரியும்.

ஆனால் இதைக் கேட்க 40 பேர் போக வேண்டுமா? இந்தத் துறைமுகத்துக்குப் பெயர் கொடுத்த வ.உ.சி. 1906இல் தூத்துக்குடி – கொழும்புக் கப்பலுக்குக் கம்பெனி தொடங்கியது, வெள்ளைக்காரன் வைத்த கட்டணத்துக்கும் தயவுக்கும் நாம் கட்டுப்படக் கூடாது என்றுதான். நம் பயணமும் சுற்றுலா ஏஜெண்டு தருகிற பட்டியலுக்குக் கட்டுப்படக் கூடாது. நல்லூர்க் கோயில், கடற்கரை, இடையில் ஒரு மணி நேரம் 'ஆர்கானிக் ஃபார்ம் விசிட்' என்று போனால், அங்கேயுள்ள விவசாயி வீட்டம்மாவும் ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்பார்.

என் யோசனை இது. முதலில் அங்கேயிருந்து இரண்டு, மூன்று விவசாயிகளை நாம் இங்கே அழைப்போம், நம் செலவில். கடலில் காற்று மாறிக் கப்பல் நின்றுவிடும் மழைக்காலத்துக்கு முன்பே வந்து போகட்டும். நம் வீடுகளில் தங்கட்டும். நம் கிணறுகளைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊருக்கு உங்கள் பிள்ளைகள் வந்தால் இந்த வேலை இருக்கிறது என்று அவர்கள் சொல்லட்டும். கிணற்று உப்பை மாதாமாதம் அளந்து எழுதுவதாக இருக்கலாம், பனங்கொட்டை பொறுக்கி ஊன்றுவதாக இருக்கலாம். எதுவும் இல்லை, வராதீர்கள் என்றும் சொல்லலாம். அதற்குப் பிறகு எட்டுப் பேர் போகட்டும். அந்த எட்டுப் பேரில் பாதியாவது அடுத்த வருஷமும் போகிறவர்களாக இருக்க வேண்டும். போகிற செலவுக்கு ஒவ்வொருவரும் ஒரு பகுதியைக் களை எடுத்தோ காய் பறித்தோ சம்பாதித்துப் போடட்டும். எங்கள் பக்கம் ஆள் கிடைக்காமல் வேலை கிடக்கிறது.

திரும்பி வருவது என்பது நடக்காத காரியம் இல்லை. என் தோட்டத்துக்கு மூன்று வருஷம் முன்பு பஸ்ஸில் வந்த ஒரு தூத்துக்குடிப் பெண், வணிகவியல் படித்தவள், அதன் பிறகு தனியாக ஆறு தடவை வந்துவிட்டாள். எங்கள் பக்கம் ஐந்து குடும்பத்துக் கருப்பட்டிக்கு இப்போது அவள்தான் கணக்கு. வியாபாரி கேட்ட விலைக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள், விறகுச் செலவு, ஆள் கூலி, கலயத்துச் செலவு எல்லாம் சேர்த்து அடக்க விலை இவ்வளவு என்று இப்போது வாய்விட்டுச் சொல்கிறார்கள். அந்த பஸ்ஸில் வந்த மற்ற 39 பேர் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்று என்பது மோசமான விகிதம் இல்லை. ஆனால் அந்த ஒருத்தியை 39 பேர் செலவில்லாமல் கண்டுபிடிக்க வழி இருந்தால் நல்லது.

அதனால் இந்தப் பருவத்திலிருந்து கேட்கிற கல்லூரிகளுக்கு எல்லாம் ஒரே பதிலைத்தான் அனுப்புகிறேன். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். எந்தத் தேதி என்பதைத் தோட்டத்து வேலை பார்த்து நான் சொல்வேன். சாப்பாட்டுச் செலவு உங்களுடையது, சமையலும் உங்களுடையது. பனையேறியிடம் கற்றுக்கொள்ள வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலியை ஆசிரியர் சம்பளமாக அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். பொன்னாடை வேண்டாம். விடியற்காலை நாலரைக்குப் பனை அடியில் நிற்க வேண்டியிருப்பதால் முந்தின ராத்திரியே வந்து படுத்துக்கொள்ள வேண்டும். பாய் என்னிடம் பன்னிரண்டு இருக்கிறது. தலையணை அவரவர் கொண்டு வரவும்.